பால் காய்ச்சுறதுக்கு முன்னால்: புது வீட்டின் கடைசி வேலைகள்



சுவர் எழும்பி கூரையும் ஏறிவிட்டால் “வீடு முடிஞ்சிருச்சு சார்” என்று ஆபீசுக்கு வந்து சொல்கிறீர்கள். சந்தோஷம்தான். ஆனால் கூரை ஏறிய வீடு பாதி வீடு. பூச்சு, நிலம், வயரிங், கதவு, கக்கூசு, தண்ணி போகிற வழி, வர்ணம் எல்லாம் மிச்சம் இருக்கிறது. கையில் உள்ள காசு முடிகிற இடம் இதுதான். மனுஷன் களைத்துப் போகிற இடமும் இதுதான். இந்த இதழில் அந்தக் கடைசி வேலைகளைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன். நான் மேசன் இல்லை. ஒரு வீட்டைத் தவறாக முடித்து, அதைத் திருத்தப் போய்ப் படித்துக்கொண்டவன். அதனால் பட்டதைச் சொல்கிறேன்.

என் தங்கச்சியைக் கதிரவெளியில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். மட்டக்களப்பு மாவட்டத்தின் வடக்கு ஓரத்தில், வாகரையும் தாண்டி, திருகோணமலைக்குப் போகிற வீதியில் இருக்கிற ஊர். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வயலும் களப்பும். மாப்பிள்ளையின் அப்பா 1977 கலவரத்துக்குப் பிறகு நம் மலையை விட்டுக் கீழே இறங்கியவர். அந்த ஊர் பட்ட பாடு கொஞ்சமில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமி வந்தது. 2006 நவம்பர் 8 அன்று, அகதிகள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்தில் செல் விழுந்து பலர் செத்தார்கள். அதற்குப் பிறகு சனம் முழுக்க ஊரை விட்டுப் போய், முகாம்களில் இருந்து, 2007இல்தான் திரும்பி வந்தது. தங்கச்சி குடும்பமும் தகரக் கொட்டிலில்தான் மறுபடி தொடங்கியது.

2012 அக்டோபர் 2 அன்று வடக்கு கிழக்கில் இந்திய வீட்டுத் திட்டத்தின் பெரிய கட்டம் தொடங்கியது. புது வீட்டுக்கு 550,000 ரூபா. அந்தக் காசு கட்டங் கட்டமாக வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்கு வரும், வேலையை நாமே நின்று செய்விக்க வேண்டும். நம் மலையகத்தில் 2016இல் தொடங்கிய 4,000 வீடுகளும் அதே திட்டத்தின் அடுத்த கட்டம்தான். 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் மோடி நோர்வூட்டுக்கு வந்தபோது இன்னும் 10,000 வீடு என்று அறிவித்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஏழு பேர்ச் நிலம், 550 சதுர அடி வீடு என்ற கணக்கு அப்போது தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது.

தங்கச்சி வீட்டில் என்ன நடந்தது? பிளானில் இருந்ததைவிட முன் ஹோலை நாலு அடி நீட்டினார்கள். நீட்டச் சொன்னவன் நான்தான். “ஒரு தடவைதானே கட்டுறோம், கொஞ்சம் பெரிசாக் கட்டுங்க மச்சான்” என்றேன். அந்த நாலு அடி, அத்திவாரத்திலும் தின்றது, சுவரிலும் தின்றது, கூரையிலும் தின்றது. கடைசிக் கட்டக் காசு வரும்போது அதற்குக் கடன்காரர் காத்திருந்தார்கள். பூச்சு இல்லாத சுவர், மண் நிலம், கதவு இருக்க வேண்டிய இடத்தில் சேலை. ஐந்து வருஷம் அப்படியே இருந்தார்கள். நான் ஒவ்வொரு தீபாவளிக்கும் போய் வந்தேன். தங்கச்சி என்னிடம் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அதனால் முதல் பாடம் கொப்பியும் பென்சிலும். கடைசி வேலைக்கு எவ்வளவு வேண்டும் என்று கூரை ஏறுவதற்கு முன்பே கணக்குப் போட வேண்டும். கஷ்டமான கணக்கு இல்லை, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்ததுதான். பத்தடிக்குப் பத்தடி அறை, ஒன்பது அடி உயரம் என்று வையுங்கள். நாலு சுவரும் சேர்த்து 360 சதுர அடி. கதவுக்கு 21, ஜன்னலுக்கு 16 கழித்தால் 323. ஒரு பங்கு சீமெந்துக்கு ஐந்து பங்கு மணல் போட்டு, அரை அங்குலத்துக்குச் சற்றுக் கூடப் பூசினால், 50 கிலோ மூட்டை ஒன்று சுமார் 100 சதுர அடிக்கு வரும். ஆக அந்த அறைக்கு மூன்றே கால் மூட்டை. சிந்துவதையும் சேர்த்து நாலு வாங்குங்கள். ஒரு கியூப் மணல் என்பது 100 கன அடி. நூறு சதுர அடிப் பூச்சுக்கு ஐந்தரை கன அடி போனால், ஒரு கியூப் 1,800 சதுர அடிக்குக் காணும். வீடு முழுவதற்கும் உள்ளும் வெளியும் இப்படியே அளந்து எழுதுங்கள். பிறகு கடைக்காரரிடம் விலை கேளுங்கள். மேசன் வாயால் சொல்கிற “ஒரு முப்பது மூட்டை போடுங்கண்ணே” என்பதை நம்பி லொறியைக் கூப்பிடாதீர்கள். மிஞ்சிய சீமெந்து நம் மலைக் குளிரில் ஒரு மாதத்தில் கட்டி பிடித்துவிடும். அது காசைக் கல்லாக்குகிற வேலை.

அடுத்தது, எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்பது. பூசிய பிறகு வயர் போடுவதற்காகச் சுவரைக் கொத்துகிற வீடுகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். நிலை, ஜன்னல் எல்லாம் இறுகிய பிறகு, வயருக்கும் தண்ணிக்கும் குழாயைச் சுவருக்குள் பதியுங்கள். அதற்குப் பிறகு பூச்சு. முதலில் உள் பக்கம், பிறகு வெளிப் பக்கம். அதற்கும் பிறகு நிலம். பூச்சு வேலை நடக்கும்போது போட்ட நிலம் சாந்து விழுந்தே பாழாகும். வர்ணம் எல்லாவற்றுக்கும் கடைசி.

கையில் காசு குறைவென்றால் எதை முதலில் செய்வது என்று கேட்பீர்கள். என் அபிப்பிராயம் இது: கக்கூசு, தண்ணி வடிகிற கான், மின்சாரம், கதவு. இந்த நாலும் முடியாமல் வர்ண டின் வாங்க வேண்டாம். முன் பக்கம் மட்டும் பச்சையும் மஞ்சளும் அடித்து, பின்னால் சாக்குத் தட்டி கட்டிய கக்கூசுக்குப் போகிற வீடு எனக்கு நல்ல வீடாகத் தெரியவில்லை. வயது வந்த பிள்ளை இருக்கிற வீட்டில் பூசாத சுவரோடு இருக்கலாம், கதவில்லாமல் இருக்க முடியாது.

இப்போது பூச்சு. கதிரவெளியில் நான் பட்ட பெரிய பாடம் உப்பு. தங்கச்சி வீட்டுக் கிணற்றுத் தண்ணி கோடையில் கரிக்கும். அதில்தான் ஒரு அறையைக் குழைத்துப் பூசினோம். மணலும் கடற்கரைப் பக்கம் அள்ளியது, கிளிஞ்சல் துண்டு அதில் மின்னியது. பக்கத்து வீட்டு ஆச்சி வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, “மகன், உப்புத் தண்ணியில குழைச்சா சுவர் அழும்” என்றார். நான் சிரித்தேன். மாரி கழிந்ததும் சுவரில் வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் உப்பு. அடித்த வர்ணம் தோல் உரிந்த மாதிரி சுருண்டு விழுந்தது. சுவருக்குள் இருக்கிற உப்பு, ஈரத்தில் கரைந்து, வெயிலில் மேலே வந்து காய்கிறது. அதுதான் விஷயம். வர்ணத்தில் குறை இல்லை. கம்பி போட்ட லிண்டல், தூண் என்றால் இன்னும் மோசம். உப்பு உள்ளே கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும், துருப்பிடித்த கம்பி பருத்து கொங்கிரீட்டை வெடிக்கச் செய்யும்.

பிறகு வெருகல் ஆற்று மணலும், தூரத்து நல்ல தண்ணிக் கிணற்றிலிருந்து பரலில் கொண்டுவந்த தண்ணியும்தான் கை கொடுத்தன. ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வெருகல் ஆறு மகாவலியின் கிளை. நம் ஹட்டன் ஓயாவும் கொத்மலை ஓயாவும் சேர்ந்துதான் மகாவலி. நம் கூரையில் விழுகிற மழையில் ஒரு பங்கு தங்கச்சி ஊருக்குப் பக்கத்தில்தான் கடலுக்குப் போகிறது. அதை நினைத்துக்கொண்டே மணல் அரித்தேன்.

ஏற்கெனவே உப்புப் பூத்த சுவர் இருந்தால் தண்ணி ஊற்றிக் கழுவாதீர்கள். கழுவினால் உப்பு திரும்ப உள்ளே போகும். காய்ந்த பிறகு கட்டைத் தும்புத்தடியால் தேய்த்து, விழுகிற தூளைக் கூட்டி அள்ளி வெளியே போடுங்கள். மறுபடி பூத்தால் மறுபடி தேய்க்க வேண்டும். பூப்பது நின்ற பிறகுதான் வர்ணம்.

நம் மலையில் உப்புத் தொல்லை இல்லை. இங்கே தொல்லை வேறு மாதிரி. கதிரவெளியில் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பூச்சு காலையில் பூசி மத்தியானம் வெடிக்கும், அவ்வளவு சூடு. இங்கே மூடுபனியில் மாதக் கணக்கில் காயாது. இரண்டு இடத்துக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. பூசுவதற்கு முன் சுவரை நனைக்க வேண்டும், காய்ந்த கல் சாந்திலிருக்கும் தண்ணியை உறிஞ்சிவிடும். பூசிய மறுநாளிலிருந்து ஏழு நாளைக்குக் காலையும் மாலையும் தண்ணி அடிக்க வேண்டும். சீமெந்து காய்வதால் இறுகுவதில்லை, தண்ணியோடு சேர்ந்துதான் இறுகுகிறது. மேசனுக்குக் கூலி முடிந்ததும் அவர் போய்விடுவார். தண்ணி அடிக்கிற வேலை வீட்டுக்காரருடையது. கொழுந்துக்குப் போகிற பெண்கள் காலையில் ஐந்து நிமிஷம் ஒதுக்கினால் போதும். அதே மாதிரி, குழைத்த சாந்தை ஒரு மணி நேரத்துக்குள் பூசி முடியுங்கள். தேத்தண்ணிக்குப் போய் வந்து, இறுகிய சாந்தில் மறுபடி தண்ணி ஊற்றிக் கிளறுகிற மேசனைப் பார்த்தால் நிறுத்தச் சொல்லுங்கள். அவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

சீமெந்தில் வெறும் காலோடு நின்று மிதிக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. ஈரச் சீமெந்து தோலை அரித்துப் புண்ணாக்கும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். பட்டுவிட்டால் கசக்காமல், நல்ல தண்ணியை நிறைய ஊற்றிக்கொண்டே இருந்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். அஸ்பெஸ்டஸ் சீட் வெட்டுகிறவர்கள் நனைத்து வெட்டுங்கள், பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள். அந்தத் தூள் நெஞ்சுக்குள் போனால் வெளியே வராது, பல வருஷம் கழித்துப் புற்றுநோயாகக் கூட வரலாம்.

நிலத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மண்ணை நனைத்து நன்றாக இடித்து இறுக்குங்கள், மூன்று அங்குலம் கொங்கிரீட், அதற்கு மேல் ஒன்றுக்கு மூன்று சாந்து. வாசல் பக்கம் மிகக் கொஞ்சம் சரிவு. குளிக்கிற அறையில் ஓட்டைப் பக்கம் நாலு அடிக்கு ஒரு அங்குலம் சரிவு வேண்டும். மேசன் போவதற்கு முன் ஒரு வாளித் தண்ணியை ஊற்றிப் பாருங்கள். தேங்கினால் அன்றைக்கே திருத்தலாம், ஒரு வாரம் போனால் உடைக்க வேண்டும்.

மலையில் வீடு கட்டியிருக்கிற நமக்கு இனிச் சொல்வதுதான் முக்கியம். நம் வீடுகள் மேட்டை வெட்டி எடுத்த தளத்தில் நிற்கின்றன. பின்னால் மண் மேடு, அதைத் தாங்கக் கருங்கல் கட்டு. அந்தக் கட்டில் அங்கங்கே பி.வி.சி. குழாய்த் துண்டு வைத்து ஓட்டை விட்டிருப்பார்கள். மழை நாளில் மண்ணுக்குள் ஊறுகிற தண்ணி அந்த வழியாகத்தான் வெளியே வரும். ஒரு தோட்டத்தில், வீட்டை அழகாக முடிக்கிறேன் என்று அந்தக் கட்டு முழுவதையும் வழவழவென்று பூசி, ஓட்டைகளையும் அடைத்து, வெள்ளை அடித்திருந்தார் ஒரு வீட்டுக்காரர். நான் பார்வைக்குப் போனபோது, “நல்லா இருக்குண்ணே, லயத்துக்கும் இதுக்கும் எவ்வளவு வித்தியாசம்” என்று சொல்லிவிட்டு வந்தேன். ஓட்டை எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை. அந்த வருஷம் ஐப்பசி மழையில், ராத்திரி பதினொரு மணிக்குக் கட்டு அப்படியே சாய்ந்து, பின் பக்கத்துக் குளிக்கிற அறையை அமுக்கிவிட்டது. அரை மணி நேரத்துக்கு முன்னால் அந்த அறையில் அவருடைய மகள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். காலையில் நான் போனேன். அவர் என்னைக் குறை சொல்லவில்லை, தேத்தண்ணி தந்தார். தண்ணி நிறைந்த மண் எவ்வளவு பாரம் என்று அந்தக் கல்லை அள்ளும்போதுதான் தெரிந்தது.

2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் நடந்தது வேறு, அங்கே மலையே இறங்கி லயங்களை மூடியது. அதை ஒரு குழாய்த் துண்டு தடுக்காது. அப்படிப்பட்ட ஆபத்துப் பகுதி என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் சொன்னால் வீட்டை விட்டு எழும்புவதுதான் வழி. நான் சொல்வது நம் கையில் உள்ள சின்ன விஷயம். கட்டின் ஓட்டையை அடைக்காதீர்கள். அடைந்திருந்தால் கம்பியால் குத்தி விடுங்கள். மேட்டின் மேலேயும் அடியிலேயும் கான் வெட்டி, தண்ணியைப் பக்கவாட்டில் கொண்டுபோய், பக்கத்து வீட்டுத் தலையில் விடாமல், பெரிய கானில் சேருங்கள். வீட்டைச் சுற்றி இரண்டடி அகலம் சீமெந்துத் திண்ணை போட்டு, கூரைக்குப் பீலி வைத்தால் அத்திவாரம் பிழைக்கும். மேட்டில் புது விரிசல் கண்டாலோ, தெளிவாக வந்த ஊற்று கலங்கி வந்தாலோ, கதவு திடீரென்று இறுகிப் பூட்டினாலோ, இரவென்றும் பாராமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறுங்கள். பிறகு கிராம சேவகருக்கும் தோட்ட ஆபீசுக்கும் சொல்லலாம்.

கக்கூசுக் குழி கிணற்றிலிருந்தோ ஊற்றிலிருந்தோ 50 அடிக்குக் குறையக் கூடாது. சரிவில் என்றால் குழி தண்ணிக்குக் கீழ்ப் பக்கம்தான் வர வேண்டும். கதிரவெளி போல மணல் தரையில் நிலத்தடித் தண்ணி கிட்டத்தில் இருக்கும், அங்கே இன்னும் தள்ளி வைப்பது நல்லது. காற்றுக் குழாயின் வாயில் நைலோன் வலை கட்டுங்கள், நுளம்பு அடங்கும்.

மின்சாரத்தில் சிக்கனம் வேண்டாம். வேறு எதில் வேண்டுமானாலும் பிடியுங்கள். தங்கச்சி வீட்டில் ஐந்து வருஷமும் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு ஒற்றை வயரை வேலி வழியாக இழுத்திருந்தார்கள். மாரியில் கிடுகு நனைந்து, வேலிக் கம்பியில் கரண்ட் இறங்கி, அவர்களுடைய ஆடு செத்தது. ஆட்டுக்குப் பதில் மருமகன் தொட்டிருந்தால் என்று நான் இன்றைக்கும் யோசிப்பேன். லைசென்ஸ் உள்ள ஆளைப் பிடித்து, டிரிப் சுவிட்சும், நிலத்தில் அடித்த செப்புக் கம்பியோடு எர்த்தும் வைத்து, சோதனைச் சான்றிதழ் வாங்கிக்கொண்டுதான் மின் இணைப்புக் கேட்டுப் போக வேண்டும். டிரிப் சுவிட்சில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். மாதம் ஒரு தடவை அமத்துங்கள். டப்பென்று விழுந்தால் உயிரோடு இருக்கிறது. விழாவிட்டால் அன்றைக்கே மாற்றுங்கள்.

அடுப்பங்கரையில் புகை போக வழி விடாமல் பூசி மூடுகிறார்கள். விறகு எரிக்கிற வரைக்கும் புகைக்கூடு வேண்டும். வெள்ளைச் சுவர் கறுக்கிறது என்று கவலைப்படுகிற அம்மாமார், அந்தப் புகை தங்கள் நெஞ்சிலும் பிள்ளை நெஞ்சிலும் படிவதையும் கொஞ்சம் நினையுங்கள்.

கதவு, ஜன்னல் பலகைக்கு, சுவரோடு படுகிற பக்கத்துக்கும் அடி நுனிக்கும் மாட்டுவதற்கு முன்பே பிரைமர் அடித்துவிடுங்கள். மாட்டிய பிறகு அங்கே பிரஷ் போகாது, கறையான் மட்டும் போகும்.

வர்ணத்துக்கு வருவோம். பூசிக் குறைந்தது நாலு வாரம் கழிய வேண்டும், மலையில் இன்னும் கூடப் பிடிக்கும். காய்ந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு முழம் பொலித்தீனைச் சதுரமாக வெட்டி, நாலு ஓரத்தையும் டேப்பால் சுவரில் ஒட்டி ஒரு இரவு விடுங்கள். காலையில் உள் பக்கம் தண்ணித் துளி இருந்தால் சுவர் இன்னும் ஈரம். துளி இல்லையென்றால் பிரைமர் அடிக்கலாம். மேலே சொன்ன 323 சதுர அடி அறைக்கு இரண்டு தடவை அடிக்க 646 சதுர அடி. ஒரு லீட்டர் நூறு சதுர அடிக்கு என்று வைத்தால் ஆறரை லீட்டர், அதாவது நாலு லீட்டர் டின் இரண்டு. டின்னில் போட்டிருக்கிற கணக்கையும் பாருங்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். காசில்லையென்றால் சுண்ணாம்பு அடியுங்கள், வெட்கம் ஒன்றும் இல்லை. சுவரின் ஈரம் சுண்ணாம்பு வழியாக வெளியே போகும், மலிவு எனாமலில் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும்.

தங்கச்சி வீட்டை 2018இல் மறுபடி தொடங்கி, இரண்டு லீவில் முடித்தோம். நீட்டிக் கட்டிய அந்த நாலு அடிதான் கடைசியாகப் பூசியது. குடிபூரலுக்கு அந்த ஆச்சியையும் கூப்பிட்டோம். வந்தவர் வர்ணத்தைப் பார்க்கவில்லை, நேராகச் சுவரைத் தடவி விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார். “உப்பில்ல மகன்” என்றார். பிறகுதான் பால் குடித்தார்.

வீட்டு வேலை நடக்கிறவர்கள் சனிக்கிழமை பின்னேரம் அறை அளவுகளை எழுதிக்கொண்டு நலன்புரி ஆபீசுக்கு வாருங்கள், பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். சீமெந்துக் கணக்கை அவர்களே போடட்டும், நான் பார்த்துத் திருத்தித் தருகிறேன். வரும்போது வீட்டுக்குப் பின்னால் போய்க் கட்டில் எத்தனை ஓட்டை திறந்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டு வாருங்கள். அதைத்தான் முதலில் கேட்பேன்.